ஒரு நர்ஸாக, நான்…

அத்தியாயம் 12

‘எனது கவனக்குறைவால்’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு முன்னால் சிட்டு காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

கடிதத்தை ஆஸ்பத்திரி அலுவலகமே தட்டச்சு செய்து கொடுத்திருந்தது. கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஒன்பது நாளைக்கு முன்பு மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வார்டில் ஷிஃப்ட் ஏறினாள். ஆறு மாதமாக அங்கே நோயாளியின் தலைமாட்டு அட்டை கிடையாது. நர்ஸ் கையில் டேப் என்கிற தொடுதிரைக் கருவி. எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து பாக்கி என்று அதுதான் சொல்லும். பதினான்காம் படுக்கைக்கு இன்சுலின் பாக்கி என்றது. போட்டாள். முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி நினைவு தப்பியது. அதை முதலில் கவனித்ததும், ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றியதும் சிட்டுதான். ஆள் பிழைத்துக்கொண்டார்.

பிறகு பதிவைத் திறந்து பார்த்தால், காலை ஷிஃப்ட் நர்ஸ் ஒன்று நாற்பதுக்கே அதே ஊசியைப் போட்டு, ‘கொடுத்தாச்சு’ என்ற பொத்தானைத் தொட்டிருந்தாள்.

“என் லிஸ்ட்ல பாக்கின்னுதான் இருந்துச்சு” என்று சிட்டு சொல்லிப் பார்த்தாள். பதிவு வேறு மாதிரி சொன்னது. மனுஷி பேச்சைவிட மெஷின் பேச்சு அம்பலம் ஏறியது. இன்று மூன்று மணிக்கு விசாரணை.

“போட்டுத் தொலையேன்டி கையெழுத்தை” என்றாள் அம்மா, துணி மடித்தபடியே. “மேட்ரன் அம்மாவே சொல்றாங்க இல்ல, ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும்.”

“செய்யாத தப்புக்காம்மா?”

“செஞ்ச தப்புக்கு எவ கையெழுத்து போடுறா? செய்யாததுக்குத்தான் எல்லாரும் போடுறோம். உங்கப்பாவைக் கட்டிக்கிட்டப்போ நான் போடலையா?”

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எச்சரிக்கைன்னா என் பதிவு எண்ணுக்குப் பக்கத்துல ஏறிடும்மா. நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. ஊசியை ரெண்டு தடவை போட்டவன்னு.”

அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கதைக்காரி குழாயை மெதுவாக மூடினாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதைக்காரி இந்த வீட்டு மருமகள். சிட்டுவுக்கு அண்ணி. அந்தப் பெயர் மாமியார் வைத்தது. கல்யாணமான புதிதில் “உனக்கு ஆபீஸ்ல என்னம்மா வேலை?” என்று கேட்டதற்கு, “யூசர் ஸ்டோரி எழுதறேன் அத்தை” என்று சொல்லப்போய், “கதை எழுதறதுக்கு மாசா மாசம் சம்பளமா? என்கிட்ட கேட்டா நான் சும்மாவே சொல்வேனே” என்று மாமியார் ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

கதைதான். ஆனால் மூன்றே வரி. யார் பயன்படுத்தப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும். அதற்குக் கீழே, எதெல்லாம் நடந்தால் வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகள். அவள் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் மற்றவர்கள் மென்பொருளைக் கட்டுவார்கள். அவள் எழுதாததை யாரும் கட்டமாட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன்பு சிட்டு தன் செல்போனில் வார்டு டேபின் படத்தைக் காட்டினாள். கதைக்காரி அதில் நோயாளி பெயரையோ மருந்தையோ பார்க்கவில்லை. பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். ‘கொடுத்தாச்சு.’ ‘வழங்கப்பட்டது’ என்று போடலாம் என்றவர்களிடம் ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு மணி நேரம் வாதாடி அந்தச் சொல்லை வாங்கியவள் அவள். அப்போது அது வேறொரு ஆஸ்பத்திரிக்காகச் செய்தது. பிறகு அவளை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அதே மென்பொருளுக்கு வேறு பெயர் வைத்து, வேறு நிறம் பூசி, ஊரெல்லாம் விற்றிருக்கிறார்கள்.

மூன்று நாளாக அவள் அதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

வாசலில் அவள் கணவன் ஷூ போட்டுக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். விசாரணைக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்று விதி இருந்ததால், மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லியிருந்தான்.

“லிஃப்ட் ஓடுற சுவருக்குப் பக்கத்துல சிக்னல் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

“எங்க கிடைக்கும்? பூரா இரும்பு. நான் உள்ள இறங்கிட்டா மேல இருக்கவனோட கத்தித்தான் பேசணும். ஏன்?”

“பதினாலாம் படுக்கை லிஃப்ட் சுவரை ஒட்டி இருக்காம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கதைக்காரி குரலை இறக்கிச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவன் ஒரே ஷூ கயிற்றை மூன்று தடவை கட்டி அவிழ்த்துவிட்டான்.

“சிட்டுகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“விசாரணைல போய்ச் சொன்னா உன் வேலை?”

“தெரியல. போகலாம்.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு பக்கம் தங்கச்சி. ஒரு பக்கம் நீ. லிஃப்ட் மேல ஏறினா எதிர் எடை கீழ இறங்கியே ஆகணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.” எழுந்து, பையைத் தோளில் மாட்டினான். “துணைக்குன்னு எழுதிக் கொடுத்த இடத்தை வேணும்னா நீ எடுத்துக்க. வேண்டாம்னா ஒரு மணிக்குள்ள போன் பண்ணு. நான் வந்துடறேன்.”

எதைச் செய் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

---

ஆபீஸில் யாரும் வருவதற்கு முன்பே அவள் பழைய கோப்பைத் திறந்தாள். எண் இருநூற்றுப் பதினெட்டு.

‘ஒரு வார்டு நர்ஸாக, என் ஷிஃப்ட் தொடங்கும்போது இன்னும் கொடுக்க வேண்டிய மருந்துகள் மட்டும் எனக்குத் திரையில் தெரிய வேண்டும். அதனால் ஷிஃப்ட் மாற்றும் நேரம் குறையும்.’

கீழே நான்கு நிபந்தனைகள். நான்கிலும் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பொத்தானைத் தொட்டால் மருந்து பட்டியலிலிருந்து மறைய வேண்டும். அடுத்த நர்ஸின் டேபிலும் மறைய வேண்டும். தொட்ட நேரம் பதிவாக வேண்டும். அன்றைக்கு இதைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னும் கீழே, சோதனை செய்யும் பெண் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ‘தொடும்போது இணைப்பு இல்லை என்றால்?’

அதற்கு அவளே எழுதிய பதில்: ‘இப்போதைக்கு வேண்டாம். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்.’

அடுத்த கட்டம் வரவேயில்லை.

தேதியைப் பார்த்தாள். வீட்டில் பெரிய சண்டை நடந்த வாரம் அது. சாப்பாட்டு மேஜையில் சிட்டு வேடிக்கையாக, “அண்ணிக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்து கதை எழுதுறாங்க” என்று சொன்னாள். அன்றைக்கு ஏற்கெனவே எரிச்சலில் இருந்த இவள், “பெட்பேன் தூக்குறதுக்கு அது மேல்” என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஐந்து மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் தானாகப் பேச்சு வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில்தான் ‘ஒரு வார்டு நர்ஸாக’ என்று தொடங்கி அறுபத்து மூன்று கதைகளை அவள் எழுதினாள். கேட்டு எழுதியது ஒரு நிர்வாக அதிகாரியிடம். நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவர் வாழ்நாளில் யாருக்கும் ஊசி போட்டதில்லை. ஊசி போடுகிறவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள்.

“ரொம்ப சீக்கிரம் வந்துட்டியே?”

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த ஆஸ்பத்திரி விவகாரமா? உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த நர்ஸ் என் நாத்தனார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை வேற யாருக்கும் சொல்லாத. மூணு மணிக்கு கம்பெனி சார்பா நான்தான் போறேன். பதிவு சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அது பொய் இல்ல. ஒண்ணு நாப்பதுக்குத் தொட்டிருக்காங்க, ஒண்ணு நாப்பதுன்னு பதிவாகியிருக்கு.”

“அந்தத் தகவல் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு பார்த்தீங்களா சார்?”

“அதை யாரும் கேக்கல.”

“கேட்டா?”

“கேக்க மாட்டாங்க. கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது.” அவர் அதட்டவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். “இங்க பாரு, எழுதினது நீ, கட்டினது இன்னொருத்தன், சோதிச்சது மூணாவது ஆளு. யார் தப்புன்னு தேடிக்கிட்டுப் போனா கம்பெனியே நிக்காது. இணைப்பு விஷயத்தைச் சத்தமில்லாம அடுத்த மாசம் சரி பண்ணிடலாம். நீ இன்னைக்கு லீவு வேணும்னா எடுத்துக்க. வீட்டுக்குப் போ.”

லீவு எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை.

---

ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் முதல் தடவையாக ஒரு நர்ஸின் வார்டுக்குள் நுழைந்தாள். பார்வையாளர் நேரம். யாரும் தடுக்கவில்லை.

இருபத்திரண்டு படுக்கை, மூன்று நர்ஸ். ஒருத்தி டேபைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சலைன் பாட்டில் மாற்றினாள். இன்னொருத்தி டேபைத் தலையணை மேல் வைத்துவிட்டு ஒரு அம்மாளைப் புரட்டிப் படுக்கவைத்தாள். டேபை ஒரு கையில் பிடித்து மறு கையால் நிதானமாகத் தொட்டு வேலை செய்கிற நர்ஸ் ஒருத்தி அவள் கதைகளில் இருந்தாள். இங்கே அப்படி ஒருத்தியும் இல்லை.

பதினான்காம் படுக்கைப் பெரியவர் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிச் சட்டையின் கை அவர் முழங்கையோடு நின்றுவிட்டிருந்தது.

“இதை யாரை அளந்து தச்சானோ” என்றார், அவள் பார்ப்பதைப் பார்த்து. காது மந்தம் என்பதால் சத்தமாகப் பேசினார். “நீ யாரும்மா?”

“அன்னைக்கு உங்களுக்கு ஊசி போட்ட நர்ஸோட அண்ணி.”

“எந்த ஊசி? முதல் ஊசியா, ரெண்டாவதா?”

அவள் படுக்கைக்கு அருகில் வந்து நின்றாள்.

“ரெண்டாவது பொண்ணு போட வந்தப்பவே எனக்குத் தோணுச்சு. இப்பதானே போட்டாங்கன்னு. ஆஸ்பத்திரில குறுக்கக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு பேசாம கையை நீட்டிட்டேன்.” அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அந்தப் பொண்ணுதான் என்னைக் காப்பாத்துச்சு. அதைத் திட்டிட்டாங்களா என்ன?”

படுக்கைக்கும் லிஃப்ட் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இரும்பு அலமாரி இருந்தது. சுவருக்குள் லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. கதைக்காரி தன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இரண்டு கோடு இருந்தது. குறைவு, ஆனால் இருந்தது. தான் நினைப்பது தப்பாக இருந்தால்?

கணவனுக்குப் போன் செய்தாள். “நானே போறேன்” என்று மட்டும் சொன்னாள்.

---

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கடிதம் வைத்த உறை. அண்ணனை எதிர்பார்த்திருந்தவள், அண்ணியைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“அண்ணா வரலையா?”

“நான் வந்திருக்கேன். உக்காரு. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். பச்சைப் பொத்தான், இருநூற்றுப் பதினெட்டு, சோதனைப் பெண்ணின் கேள்வி, தன் பதில். எதையும் மெழுகிச் சொல்லவில்லை.

சிட்டு நடைபாதையில் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தள்ளுவண்டி போயிற்று.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி.”

“அப்ப நாம பேசிக்கல.”

“பேசிக்கலன்னாலும் உப்பு தீர்ந்துபோச்சுன்னு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினீங்க இல்ல? அதே மாதிரி இதையும் கேட்டு ஒட்டியிருக்கலாம். சிக்னல் இல்லன்னா நர்ஸுங்க என்ன பண்ணுவீங்கன்னு. நான் பதில் எழுதி ஒட்டியிருப்பேன்.”

சிட்டு கையிலிருந்த உறையின் ஓரத்தை மடித்தாள்.

“பெட்பேன் தூக்குறவகிட்ட என்ன கேக்குறதுன்னு இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். சொல்லியிருந்தால் சிட்டு நம்பியும் இருப்பாள்.

“ஆமா” என்றாள். “அப்படித்தான் இருந்துச்சு. அதைச் சொன்னதுக்கு அப்புறம் உன் முகத்தைப் பார்த்துக் கேக்க எனக்கு வாய் வரல. மன்னிச்சுடு. இதை அப்பவே சொல்லியிருக்கணும்.”

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். சிட்டு எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “வாங்க” என்றாள்.

---

அறையில் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மேட்ரன். மறு பக்கம் மேனேஜர். கதைக்காரி உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

“கடிதம் கொண்டுவந்தியாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“கொண்டுவந்திருக்கேன் டாக்டர். கையெழுத்து போடல.”

“ஏன்?”

“என் துணைக்கு வந்தவங்க சொல்வாங்க.”

எல்லாரும் கதைக்காரியைப் பார்த்தார்கள். “ரெண்டு டேப் வேணும் டாக்டர். அப்புறம் நாம எல்லாரும் பதினாலாம் படுக்கைக்குப் போகணும். பத்து நிமிஷம் ஆகும்.”

“நீங்க யாரு?”

“அண்ணி” என்றாள். பிறகு சேர்த்துக்கொண்டாள். “அந்த டேப்ல என்ன தெரியணும்னு எழுதினதும் நான்தான்.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

போனார்கள். அன்றைக்குக் காலை ஷிஃப்ட்டில் இருந்த நர்ஸையும் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கென்று டேபில் ஒரு பொய் நோயாளி உண்டு. அவரைப் பதினான்காம் படுக்கையில் சேர்த்து, ஒரு பொய் ஊசியையும் எழுதினார்கள். ஒரு டேப் காலை நர்ஸிடம். இன்னொன்று வார்டின் மறு கோடியில் டாக்டர் கையில். காலை நர்ஸ் சுவர் ஓரமாக நின்று பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

டாக்டரின் டேபில் அந்த வரி உடனே மறைந்தது.

“இன்னொரு தடவை” என்றாள் கதைக்காரி.

மறுபடியும் மறைந்தது.

“பார்த்தீங்களா டாக்டர்” என்றார் மேனேஜர். குரலில் நிம்மதி தெரிந்தது. மேட்ரன் சிட்டுவைப் பரிதாபமாகப் பார்த்தார். இணைப்பு இருக்கிறது. லிஃப்ட் சுவரும் ஒன்றும் செய்யவில்லை. எல்லார் முன்னாலும் அவள் கதை சரியாக வேலை செய்துகொண்டிருந்தது.

“இருங்க” என்றாள் சிட்டு.

அவள் இத்தனை நேரமும் காலை நர்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, ஊசி போடும்போது நாம இப்படியா நிப்போம்? ஒரு கையில அவர் கை, ஒரு கையில ஊசி. டேப் எங்க இருக்கும்?”

காலை நர்ஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு யோசிக்காமலே செய்வதுபோலச் செய்தாள். டேபை இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். குனிந்து பெரியவர் கையைப் பிடித்தாள். ஊசி போடுவதுபோல் பாவனை செய்தாள். குனிந்தபடியே அலமாரிக்குள் விரலை விட்டுப் பொத்தானைத் தொட்டாள். டேபின் மேலுறையை மூடி, அதை அப்படியே மருந்து வண்டியின் இழுப்பறைக்குள் தள்ளினாள்.

“அன்னைக்குக் கடைசிப் படுக்கை இதுதான்” என்றாள் மெதுவாக. “அப்படியே கொண்டுபோய் சார்ஜ் போடுற பீரோவுல வச்சுட்டுப் போனேன்.”

டாக்டர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். வரி மறையவில்லை. ‘பாக்கி’ என்று இருந்தது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். வார்டில் யாரோ இருமினார்கள். மூன்றாவது நிமிஷத்திலும் ‘பாக்கி’ என்றே இருந்தது.

“எனக்கு இன்னொரு ஊசியா?” என்று பெரியவர் கேட்டார்.

டாக்டர் தானே போய் இழுப்பறையிலிருந்த டேபை எடுத்து அதன் மேலுறையைத் திறந்தார். சில நொடிகளில் இரண்டு திரையிலும் அந்த வரி மறைந்தது. பதிவில் இருந்த நேரம் மூன்றரை நிமிஷத்துக்கு முந்தையது.

“அப்போ அந்த ஒண்ணு நாப்பது?”

“தொட்ட நேரம் டாக்டர்” என்றாள் கதைக்காரி. “போய்ச் சேர்ந்த நேரம் இல்ல. இரும்பு அலமாரிக்குள்ள சிக்னல் இல்ல, மேலுறையை மூடினதும் டேப் தூங்கிடுது, மறுபடி திறந்தாத்தான் அனுப்புது. சேர்ந்த நேரத்தைக் காட்டணும், சேரலன்னா சத்தம் போட்டுச் சொல்லணும்னு நான் எழுதியிருக்கணும். கேள்வி வந்துச்சு. நான்தான் தள்ளிப்போட்டேன். இவ திரையில பாக்கின்னு இருந்தது நிஜம். இவ பொய் சொல்லல.”

“எதை வச்சு நீங்க எழுதினீங்க?”

அவள் மனப்பாடமாகச் சொன்னாள். “ஒரு வார்டு நர்ஸாக, என் ஷிஃப்ட் தொடங்கும்போது…” கடைசி வரிக்கு வந்தபோது மேட்ரன் குறுக்கிட்டார்.

“நேரம் குறையணும்னு எந்த நர்ஸ் கேட்டா?”

“நர்ஸ் கேக்கல மேடம். ஒரு நிர்வாக அதிகாரி கேட்டார். நான் நர்ஸ்னு பேர் போட்டு எழுதினேன்.”

“ஷிஃப்ட் மாத்தும்போது எங்களுக்கு இருபது நிமிஷம் வேணும்” என்றார் மேட்ரன். முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவர், இவ்வளவு நேரம் விதியைத் தவிர வேறொன்றும் பேசாதவர். “படுக்கை படுக்கையா நின்னு வாயால சொல்லி ஒப்படைப்போம். பதினாலுக்கு ஊசி போட்டாச்சுன்னு இவ காதுல விழுந்திருக்கும். டேப்தான் இருக்கேன்னு அதை அஞ்சு நிமிஷமாக்கிட்டாங்க.”

டாக்டர் சிட்டுவிடமிருந்த கடித உறையை வாங்கி, பிரிக்காமல் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு ட்யூட்டிக்கு வா. இன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து வாயால ஒப்படைக்கணும். அஞ்சு நிமிஷம் கிடையாது.” பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். “எத்தனை ஆஸ்பத்திரில இது இருக்கு?”

“அதை நாங்க உள்ளுக்குள்ள பார்த்து…”

“பதினொண்ணு” என்றாள், காலையில் ஆபீஸ் கோப்பில் எண்ணிப் பார்த்திருந்த கதைக்காரி.

---

மாடிப்படி அருகில் மேனேஜர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு ஆபீஸ் வராத. நான் சொல்ற வரைக்கும்.”

“சரி சார்.”

அவர் போகவில்லை. “அடுத்த கட்டத்துல பார்க்கலாம்னு அன்னைக்குச் சொன்னது நான். நீ எழுதின, அவ்வளவுதான். உள்ள அதைச் சொல்லலையே நீ.”

“எழுதினது என் கை சார்.”

அவர் படி இறங்கினார். பாதி வழியில் நின்று செல்போனை எடுத்தார். யாரிடம் பேசினார், அந்தப் பதினொன்றைப் பற்றித்தானா, அல்லது அவளைப் பற்றியா என்று தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இறங்கியிருந்தது. சிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

“கையெழுத்து போடலம்மா… இல்லம்மா, நல்லாத்தான் முடிஞ்சுது… வேலையா? எனக்கு இருக்கு.”

“எனக்கு இருக்குன்னா? வேற யாருக்கு இல்ல?” என்ற மாமியாரின் குரல் கதைக்காரிக்கே கேட்டது. சிட்டு அண்ணியைப் பார்த்துவிட்டு, “வந்து சொல்றேன்மா” என்று வைத்தாள்.



“அம்மா இன்னைக்கு விட மாட்டாங்க” என்றாள் சிட்டு.

“விடாம இருக்கட்டும். எனக்கும் யார்கிட்டயாவது திட்டு வாங்கணும்போல இருக்கு.”

சிட்டு சிரித்தாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் அவள் கையில் செல்போன் அதிர்ந்தது. மத்தியானம் பெஞ்சில் காத்திருந்தபோது, தன்னோடு படித்த நர்ஸ்களின் குழுவில், உங்கள் வார்டிலும் இந்தப் பச்சைப் பொத்தான் டேப் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். இப்போதுதான் ஒருத்தி பதில் எழுதியிருந்தாள்.

படித்தாள். மறுபடியும் படித்தாள். செல்போனை அண்ணியிடம் நீட்டினாள்.

‘இருக்கு. போன மாசம் எங்க வார்டுலயும் இதேதான். ரெண்டு தடவை மருந்து. பாக்கின்னு காட்டுச்சுன்னு அந்தப் பொண்ணு அழுதா. யாரும் நம்பல. நாங்களும்தான். கவனக்குறைவுன்னு எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.’

“அந்தப் பேஷண்ட் என்ன ஆனாங்கன்னு கேளு” என்றாள் கதைக்காரி.

சிட்டு கேட்டாள். பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

‘ரெண்டு நாள்தான் இருந்தாங்க.’

அடுத்த வரி தனியாக வந்தது. ‘அந்தப் பொண்ணு இப்ப யார் போனையும் எடுக்கறதில்ல. கதவைச் சாத்திக்கிட்டு இருக்கான்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. தன் கையாலதான் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காளாம்.’

கதைக்காரியின் விரல் அந்தத் திரையின் மேல் அப்படியே நின்றது. அந்தப் பெண்ணைப் பற்றியும் தெரிந்து, அது அவள் கையால் ஆனதில்லை என்றும் சொல்லத் தெரிந்த ஆள் உலகத்தில் இப்போதைக்கு இரண்டே பேர். இரண்டு பேரும் இந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“விலாசம் கேளு” என்றாள்.

“இப்பவேவா அண்ணி?”

“இப்பவே.”

வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்து காத்திருந்தது. இரண்டு பேரும் குனிந்து, விலாசம் வருகிறதா என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, யாரும் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.